அகழெலிகளும் ஒரு ‘நீ’யும்

எங்கள் தெருவில் லுட்கர் ஓவர்காம்ப்பைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் அவருடைய புல்தரையைப் பற்றித்தான் சொல்வார்கள். அப்புறம்தான் அவர் மனைவி, அதற்கும் அப்புறம்தான் அந்தச் சண்டை. சனிக்கிழமை காலையில் புல்லை வெட்டுவார். ஓரங்களை மண்டியிட்டுக் கத்தரியால் சீராக்குவார். வாசல் நடைபாதையைப் பெருக்குவார், பெருக்கிய துடைப்பத்தையும் சுவரில் இரண்டு தட்டுத் தட்டிச் சுத்தம் செய்துதான் உள்ளே வைப்பார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தப் புல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நூற்பாலையில் எந்திரம் பழுது பார்த்த மனிதர். ஆலையை இழுத்து மூடியபோது, வேறு வேலைக்குக் கூப்பிடுகிற வயதை அவர் தாண்டியிருந்தார். சரிசெய்ய எந்திரம் இல்லாத கை புல்லைச் சரிசெய்யத் தொடங்கியது. விருந்துக்குப் போன வீட்டில் படம் கோணலாக மாட்டியிருந்தால், சாப்பாட்டின் நடுவில் எழுந்துபோய் நேராக்கிவிட்டு வருகிற ஆள். தான் நினைத்ததுதான் சரி என்பதில் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

பக்கத்து வீடு கிஸ்பெர்ட் லோமானுடையது. ஓய்வு பெற்ற தபால்காரர், தனிக்கட்டை, லுட்கரைவிடச் சில வயது மூத்தவர். வேலிக்கு இந்தப் பக்கம் கம்பளம் என்றால் அந்தப் பக்கம் காடு. வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடட்டும் என்று காஞ்சொறியைக்கூடப் பிடுங்காமல் வளர்க்கிறவர். பறவைகளுக்குக் கூடு செய்து மாட்டுகிற சங்கத்தின் செயலாளர் வேறு. இந்த இரண்டு பேரும் எப்படி ஒத்துப்போனார்கள் என்பது தெருவுக்கே புரியாத விஷயம். ஆனால் ஒத்துப்போனார்கள். எங்கள் பக்கத்தில் ‘முதல் அண்டை’ என்று ஒருவர் எல்லோருக்கும் உண்டு. புதிதாகக் குடிவந்தால் ரொட்டியும் உப்பும் கொண்டுவருவது அவர். வெள்ளிவிழாத் திருமணநாளுக்குத் தெருவைத் திரட்டி, வாசல்நிலையில் ஊசியிலைத் தோரணமும் காகித ரோஜாவும் கட்டுவது அவர். வீட்டில் சாவு விழுந்தால் முதல் சேதி அவருக்குத்தான் போகவேண்டும். அவர்தான் வீடு வீடாகச் சொல்லப்போவார், சவப்பெட்டியின் முன்பக்கம் தோள் கொடுப்பதும் அவர்தான். ஓவர்காம்ப் வீட்டுக்கு முதல் அண்டை கிஸ்பெர்ட்.

லுட்கர் குடிவந்து ஏழெட்டு வருஷம் இருவரும் ஒருவரையொருவர் பேருக்கு முன்னால் மரியாதைக்கு ‘ஹெர்’ போட்டு, ‘நீங்கள்’ என்றுதான் பேசிக்கொண்டார்கள். லுட்கரின் வெள்ளிவிழாவுக்குத் தோரணம் கட்டிய அன்று மாலை கிஸ்பெர்ட் இரண்டு சின்னக் கோப்பையில் தானியச் சாராயம் ஊற்றினார். முழங்கையோடு முழங்கை கோத்துக் குடித்தார்கள். “இனிமே நீதான், நான் கிஸ்பெர்ட்,” என்றார் மூத்தவர். மூத்தவர்தான் சொல்லவேண்டும், இளையவர் அதைக் கேட்டு வாங்க முடியாது. ஒருதரம் கொடுத்த ‘நீ’யை எங்கள் ஊரில் யாரும் திரும்ப எடுப்பதில்லை. எடுத்தால் அது நடுத்தெருவில் கன்னத்தில் அறைந்த மாதிரி.

லுட்கரின் மனைவி ரோஸ்விதாவுக்குப் பக்கவாதம் வந்தது ஒரு குளிர்காலத்தில். இடது காலும் வாயின் ஒரு பக்கமும் சொன்னபடி கேட்காமல் போயின. பேச்சு மெதுவாக ஆனது, ஆனால் அவளுடைய கேலி போகவில்லை. சக்கரம் வைத்த நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு பின்கதவிலிருந்து ஆப்பிள் மரத்தடிப் பெஞ்சு வரைக்கும் நடக்கப் பழகினாள். யாரும் பிடிக்கக்கூடாது. லுட்கர் கைநீட்டினால் முறைப்பாள். “ஒரு நாளைக்கு இந்தப் பெஞ்சு வரைக்கும் நான் என் கால்ல போனேன்னா அன்னிக்கு நான் மனுஷி. போகலைன்னா மூட்டை,” என்பாள். அதனால் லுட்கருக்கு அந்தப் புல்தரை வெறும் புல்தரையாக இல்லாமல் போனது. அவள் நடக்கிற பாதை அது. மேசைபோல் சமமாக இருக்கவேண்டும் என்று மண்ணை அழுத்துகிற உருளையை இன்னும் இறுக்கமாக ஓட்டினார்.

அந்த வருஷம் பார்த்துத்தான், மண்ணுக்கடியிலேயே வளை தோண்டி வாழ்கிற அகழெலி வந்தது. முதல் நாள் ஒரு மண்குவியல். லுட்கர் அதை அள்ளிவிட்டுத் தட்டிச் சமமாக்கினார். மறுநாள் மூன்று. அடுத்த வாரத்தில் பின்கதவுக்கும் பெஞ்சுக்கும் நடுவே வரிசையாக, யாரோ வேண்டுமென்றே அவளுடைய பாதையைப் பார்த்துத் தோண்டிய மாதிரி. குவியலாவது கண்ணுக்குத் தெரியும். அடியில் ஓடுகிற சுரங்கம் தெரியாது. மேலே புல் பச்சையாக இருக்கும், காலை வைத்தால் உள்வாங்கும்.

அகழெலியைக் கொல்லக்கூடாது. அது சட்டம். தோட்டத்தில் செடிவேரைக் கடித்துத் தின்னும் எலி ஒன்று உண்டு, அதற்குப் பொறி வைக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் புழுவைத் தின்று பிழைக்கிற அகழெலிக்கு அரசாங்கப் பாதுகாப்பு. மரியாதையாக வெளியே போகச் சொல்லலாம், அவ்வளவுதான். லுட்கர் சொல்லிப் பார்த்தார். வளைக்குள் புளித்த மோர் ஊற்றினார். பூண்டை நசுக்கிப் போட்டார். முடிதிருத்தும் கடையிலிருந்து பை நிறைய முடி வாங்கிவந்து திணித்தார். காற்றில் ஊதட்டும் என்று காலிப் பாட்டில்களைக் கழுத்து மேலே தெரியப் புதைத்தார். கடைசியில் மண்ணில் குத்திவைத்தால் விட்டுவிட்டுக் கீச்சென்று கத்துகிற கம்பி ஒன்றை வாங்கி நட்டார். அகழெலி அந்தக் கம்பியின் காலடியிலேயே ஒரு குவியலை எழுப்பிக் கம்பியைச் சாய்த்துவிட்டது.

கிஸ்பெர்ட் வேலியில் கையூன்றி இதையெல்லாம் ரசித்துக்கொண்டிருந்தார். “என்னய்யா, அதுக்குப் பாட்டுக் கச்சேரியா? மோர் ஊத்தின, பூண்டு போட்ட, இன்னும் கொஞ்சம் உப்பு சேத்தா சாலட் ஆயிடும்.”

“சிரி, சிரி. அவ விழுந்தா நீ வந்து தூக்குவியா?”

“தூக்குவேன். முதல் அண்டை எதுக்கு இருக்கேன்? ஆனா ஒண்ணு, அதைக் கொன்னுகின்னு வச்சிடாதே லுட்கர். கொன்னா முதல் ஆளா நானே போய் எழுதிக் குடுத்துடுவேன், பாத்துக்க.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். ரோஸ்விதா பெஞ்சிலிருந்து, “எழுதும்போது எழுத்துப்பிழை இல்லாம எழுது கிஸ்பெர்ட், உன் கையெழுத்தை யார் படிக்கிறது,” என்றாள். ஒரு தபால்காரரிடம் சொல்லக்கூடாத வார்த்தை. அன்று நன்றாகவே சிரித்தார்கள்.

சில நாள் கழித்து, பெஞ்சுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது நடைவண்டியின் சக்கரம் புல்லுக்குள் இறங்கியது. ரோஸ்விதா வண்டியோடு சாய்ந்தாள். லுட்கர் சமையலறையிலிருந்து ஓடிவருவதற்குள் கிஸ்பெர்ட் வேலியைத் தாண்டி வந்துவிட்டார். இருவரும் ஆளுக்கு ஒரு பக்கமாகத் தூக்கினார்கள். எலும்பு முறியவில்லை, இடுப்பில் கன்றிப்போனதோடு சரி. ஆனால் அதற்குப் பிறகு அவள் பின்கதவைத் தாண்டவில்லை. நாற்காலியை ஜன்னலோரம் போடச் சொல்லி, அங்கிருந்து பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேலியும் குறைந்தது.

அந்த வாரமே லுட்கர் கடைக்குப் போய் இடுக்கிப் பொறி கேட்டார்.

“வேர் கடிக்கிற எலிக்குத்தானே?” என்றான் கடைக்காரன், முகத்தை ரொம்ப நேராக வைத்துக்கொண்டு.

“அதுக்குத்தான்.”

“அப்ப சரி. வேற எதாவது வந்து மாட்டினா அது தப்பா வந்துடுச்சுன்னு அர்த்தம்.”

எங்கள் ஊரில் பாதிப்பேர் இந்தப் பேச்சைப் பேசித்தான் பொறி வாங்குகிறார்கள். லுட்கரும் அதையே தனக்குச் சொல்லிக்கொண்டார். ஆனால் பொறியில் மாட்டியதைத் தூக்கிப் பார்த்தபோது அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. கறுப்பு வெல்வெட் மாதிரி உடம்பு. அகலமான கை மட்டும் குழந்தையின் கை போல இளஞ்சிவப்பு. குப்பை உரக்குழிக்குப் பின்னால் புதைத்துவிட்டுக் கை கழுவ வந்தார். ரோஸ்விதா ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

“பாவம்,” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “எனக்காகவா?”

“புல்லுக்காக.”

“பொய் சொல்லவும் தெரியல உனக்கு.” வாயின் நல்ல பக்கத்தால் சிரித்தாள்.

ஒன்று போனால் காலியான வளைக்கு அடுத்தது குடிவந்தது. அந்த வசந்தத்தில் லுட்கர் அப்படிச் சிலவற்றைப் புதைத்தார். சுரங்கங்களை ஒவ்வொன்றாகக் குத்தி, மண் நிரப்பி, உருளை ஓட்டினார். ஆப்பிள் பூத்தபோது ரோஸ்விதா மறுபடி பெஞ்சு வரைக்கும் நடந்தாள். கன்னத்தில் நிறம் வந்தது. மாதாகோயில் கூடத்தில் மாதம் ஒருமுறை நடக்கிற பெண்களின் காபிக் கூட்டத்துக்கும் யாராவது காரில் அழைத்துப்போக, போய்விட்டு வந்தாள். லுட்கரின் வாழ்க்கையில் நல்ல காலம் எது என்று கேட்டால் அந்தச் சில வாரங்களைத்தான் சொல்லுவார், கல்யாண நாளைக்கூடச் சொல்ல மாட்டார்.

பிறகு இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். தகவல் வந்திருக்கிறது என்றார்கள், யார் என்று சொல்ல மாட்டோம் என்றார்கள். நேராக உரக்குழிக்குப் பின்னால் போகவில்லை, கொஞ்சம் தேடித்தான் கண்டுபிடித்தார்கள். மண்ணிலிருந்து எடுத்து வெள்ளைத்துணியில் வரிசையாக வைத்துப் படம் பிடித்தார்கள். அபராதம் போட்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் பெயர் போடாமல் ‘முதியவர் ஒருவர்’ என்று வந்தது. பெயர் போட்டிருந்தால்கூட இவ்வளவு பேருக்குத் தெரிந்திருக்காது. ரொட்டிக்கடையில் லுட்கர் நுழைந்ததும் பேச்சு நின்றது. வாழ்நாளில் சிவப்பு விளக்கில் சாலையைக் கடக்காத மனிதர்.

அவர் யோசிக்கவே இல்லை. யோசிக்க என்ன இருக்கிறது? முதல் ஆளாக நானே எழுதிக் கொடுப்பேன் என்று வாயால் சொன்னவன் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். அவர் நேராக வேலிக்குப் போனார். கிஸ்பெர்ட் குனிந்து எதையோ நட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்க ஏன் இப்படிப் பண்ணீங்க, ஹெர் லோமான்?”

கிஸ்பெர்ட் திரும்பித் தன் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். “யாரைக் கேக்கற?”

“உங்களைத்தான்.”

“லுட்கர், என்ன இது, ‘நீங்க’ன்னு? வெயில்ல நின்னியா?”

“இனிமே ‘நீங்க’தான். புறாவுக்கும் புழுவுக்கும் உருகுற மனுஷன், ஒரு நோயாளி பொம்பளை நடக்கறது பொறுக்கல உங்களுக்கு.”

கிஸ்பெர்ட் மெல்ல நிமிர்ந்தார். முகம் வெளுத்திருந்தது. “நான் சொல்லல.”

“அப்ப அகழெலியே போய்ச் சொல்லிச்சா?”

“நான் சொல்லலன்னு ஒரு தடவை சொல்லிட்டேன். இத்தனை வருஷம் பழகினவன்கிட்ட ரெண்டாவது தடவை சொல்ல மாட்டேன்.”

“சொல்ல வேணாம். உங்க வேலையைப் பாருங்க.”

இரண்டு பக்கமும் பிடிவாதத்துக்குக் குறைவில்லை. வாராவாரம் இருவரும் ஆடிவந்த வியாழக்கிழமைச் சீட்டாட்டம் நின்றது. வேலியில் போக வர இருந்த சின்ன இடைவெளியை லுட்கர் பலகை அடித்து மூடினார். கிஸ்பெர்ட் ஏன் வருவதில்லை என்று ரோஸ்விதா கேட்டபோது, “காட்டிக் குடுத்தவன் எந்த முகத்தோட வருவான்?” என்றார். அவள் கையிலிருந்த கரண்டியை அப்படியே பிடித்தபடி அவரைப் பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். “அவனைப் பத்தி இந்த வீட்டுல பேச்சு வேணாம்,” என்று சொல்லிவிட்டு லுட்கர் எழுந்து போனார். அன்றைக்கு இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருக்கலாம் அந்த மனிதர்.

ஏனென்றால் அந்தக் கோடை முடிவதற்குள் இரண்டாவது பக்கவாதம் வந்து பேச்சைக் கொண்டுபோனது. மிஞ்சியது உதிரியாகச் சில சொற்கள். ஆமா, இல்ல, லுட்கர், வலி. அப்புறம் ‘காபி’. கட்டிலில் படுத்தபடி நல்ல கையைத் தூக்கிக் கிஸ்பெர்ட்டின் வீட்டுப் பக்கம் காட்டுவாள். “இல்ல,” என்பாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, “காபி,” என்பாள்.

“அவன் வீட்டுக் காபி நமக்கு வேணாம், நானே போட்டுத் தரேன்,” என்று லுட்கர் போட்டுக்கொண்டு வருவார். அவள் தலையைத் திருப்பிக்கொள்வாள். பால் கூடிவிட்டதோ என்று பால் இல்லாமல் போடுவார். கசக்கிறதோ என்று சர்க்கரை சேர்ப்பார். நல்ல பீங்கான் கோப்பையை அலமாரியிலிருந்து எடுத்து அதில் ஊற்றுவார். அவள் மறுபடி ஜன்னலைக் காட்டி, “இல்ல,” என்பாள், நெஞ்சைத் தொட்டு, “காபி, காபி,” என்பாள். ஒருநாள் கோப்பையைத் தள்ளிவிட்டாள், போர்வையெல்லாம் கொட்டியது. “கேக்கறதும் நீ, தள்றதும் நீ! என்னதான் வேணும் உனக்கு?” என்று கத்திவிட்டார். அவள் அழுதாள். அதற்குப் பிறகு காபி என்று சொல்லவில்லை. அடுத்த மாதம் இறந்துபோனாள்.

முதல் சேதி போகவேண்டிய வீட்டு மணியை லுட்கர் அடிக்கவில்லை. சவ அடக்க நிறுவனத்துக்குப் போன் செய்து தூக்குவதற்கும் ஆட்களை அனுப்பச் சொன்னார். கூலிக்குத் தூக்குவதா என்று தெரு வாயடைத்துப் போனது. அடக்கத்தன்று காலை, கூப்பிடாமலேயே கிஸ்பெர்ட் வந்து வாசல் கதவருகே நின்றார். துணிப்பெட்டியில் வைத்திருந்த கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கையுறை, கையில் தொப்பி. உரிமை உள்ளவர் நிற்கவேண்டிய இடத்தில் நின்றார்.

லுட்கர் படியிறங்கி வந்தார். “ஆள் ஏற்பாடு பண்ணியாச்சு. நீங்க சிரமப்பட வேணாம், ஹெர் லோமான்.”

கிஸ்பெர்ட் கையுறைகளைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார். யாரென்றே தெரியாத ஆறு பேர் ரோஸ்விதாவைத் தூக்கிப் போனார்கள், அவர் ஊர்வலத்தின் கடைசியில் நடந்தார். அடக்கம் முடிந்ததும் சாப்பாட்டுக்கு வராமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

அடக்கத்துக்குப் பிறகு விடுதிக் கூடத்தில் எல்லோருக்கும் காபியும் வெண்ணெய்க் கேக்கும். அழுகை முடிந்து, வழக்கம்போல மெல்ல மெல்லச் சிரிப்பு எழுகிற நேரம். மாதாகோயில் பாட்டுக்குழு ஆனெலீஸ் அம்மாள் கேக்குத் தட்டோடு லுட்கருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கெட்ட மனுஷி இல்லை, வாய்தான் நிற்காது.

“ரோஸ்விதா மாதிரி ஒருத்தி வரமாட்டா. போன வசந்தத்துல எங்க காபிக் கூட்டத்துல அவ பேசினாளே, இன்னும் காதுலயே நிக்குது. ‘உங்க ஆளுங்க உங்களுக்குப் பூ வாங்கித் தருவாங்க. என் ஆளு எனக்காக அகழெலியைக் கொல்றான், அதுவும் சட்டத்தை மீறி!’ன்னா. பாதி வாயால பேசினாலும் என்ன பெருமை அந்த மூஞ்சில! நாங்க எல்லாம் வயிறு வலிக்கச் சிரிச்சோம். வீட்டுக்குப் போய் மருமககிட்டயும் சொன்னேன். அவளுக்குத்தான் சிரிப்பே வரல, அந்த இயற்கைப் பாதுகாப்பு ஆபீஸ்லயே வேலை பாக்கறவ இல்லையா, உடனே...”

ஆனெலீஸ் அம்மாளின் கேக்குத் துண்டு வாய்க்குப் பாதி வழியில் நின்றது. லுட்கர் தன் முன்னால் இருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காபி. நெஞ்சைத் தொட்டுக் காபி என்றாளே. ஜன்னலைக் காட்டி இல்லை என்றாளே. கிஸ்பெர்ட் இல்லை, நான், காபிக் கூட்டத்தில், நான்தான். இதைச் சொல்லத்தான் அவள் நாட்கணக்காக நாக்கோடு போராடினாள். இவர் பால் சேர்த்தார், சர்க்கரை சேர்த்தார், கடைசியில் கத்தினார்.

எழுந்து, யாரிடமும் சொல்லாமல், கறுப்பு உடையோடு நடந்தே கிஸ்பெர்ட்டின் வீட்டுக்குப் போனார். மணியடித்தார். கதவு திறந்தபோதுதான் அவருக்குத் தன் நிலைமை புரிந்தது. ‘நீ’ என்று சொல்ல முடியாது, அதை எடுத்து எறிந்தவர் அவரே. ‘நீங்கள்’ என்று இன்னொரு முறை சொல்லவும் நாக்கு வரவில்லை. இரண்டும் இல்லாத வாக்கியங்களாகத் தேடித் தேடிப் பேசினார்.

“தப்பு நடந்துபோச்சு, கிஸ்பெர்ட். ரோஸ்விதாதான்... கூட்டத்துல, வெளையாட்டா சொல்லியிருக்கா. எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது. என் மேலதான் எல்லாத் தப்பும்.”

கிஸ்பெர்ட் இன்னும் அந்தக் கறுப்புக் கோட்டைக் கழற்றவில்லை. கதவைப் பிடித்தபடியே நின்றார்.

“அவ புல்லுல விழுந்தப்போ தூக்கினேன்,” என்றார். “கடைசியாத் தூக்கவேண்டியவனும் நான்தான். என்னைச் சந்தேகப்பட்டதைக்கூட விடுங்க. கோவத்துல மனுஷன் என்ன வேணா நினைப்பான். ஆனா அவளைத் தூக்க விடலையே. அதை இனிமே எங்க போய் வாங்கறது?” அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். “மத்தபடி உங்க மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல, ஹெர் ஓவர்காம்ப். மழை வர்றாப்பல இருக்கு. பாத்துப் போங்க.”

கதவைச் சாத்தியது சத்தமே இல்லாமல். அறைந்து சாத்தியிருந்தால் லுட்கருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வேலியில் அடித்த பலகையை அவர் பிடுங்கி எறிந்தார். அந்த வழியாக யாரும் வரவில்லை. குளிர்காலம் போய் மறுபடி ஆப்பிள் பூத்தது. அகழெலியும் வந்தது. பின்கதவிலிருந்து பெஞ்சு வரைக்கும், அவள் நடந்த அதே தடத்தில், வரிசையாகக் குவியல்கள். லுட்கர் எதையும் தட்டிச் சமமாக்கவில்லை. புல் வெட்டுவதையும் விட்டுவிட்டார். இரண்டு தோட்டத்துக்கும் இப்போது பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. அகழெலி தள்ளுகிற மண் பொடிப்பொடியாக, கல்லில்லாமல் இருக்கும், பூச்செடிக்கு அதைப்போல மண் கிடையாது என்று ரோஸ்விதா சொல்வாள். கல்லறைச் செடிகளுக்கு அதை வாளியில் அள்ளிப்போவது அவருடைய சனிக்கிழமை வேலையாகிவிட்டது.

அப்படி ஒரு சனிக்கிழமை குனிந்து அள்ளிக்கொண்டிருந்தபோது வேலிப்பக்கமிருந்து குரல் வந்தது.

“மறுபடியும் வந்துடுச்சு போல.”

லுட்கர் நிமிர்ந்தார். பழையபடி வேலியில் கையூன்றிக் கிஸ்பெர்ட் நின்றிருந்தார். அந்த வாக்கியத்தில் ‘நீ’யும் இல்லை, ‘நீங்க’வும் இல்லை. சீட்டுக்கட்டு எந்த இழுப்பறையில் இருக்கிறது என்பதுகூட லுட்கருக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது.

“ஆமா, வந்துடுச்சு,” என்றார். வாளியைக் கீழே வைத்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தார்.

கிஸ்பெர்ட் குவியல்களை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பார்த்தார்.

“பொறி வச்சிருக்கீங்களா?” என்றார்.

“இல்ல,” என்றார் லுட்கர். “யாரு நடக்கறா இங்க?”

கிஸ்பெர்ட் தலையசைத்துவிட்டுத் தன் செடிகளிடம் போனார். லுட்கர் வாளியைத் தூக்கிக்கொண்டு கல்லறைக்குப் போனார்.